மார்கழியில் காய்ந்த படகு

காயும் மரத்துக்கு ஒரு சத்தம் உண்டு. விரலைச் சொடக்கெடுப்பதுபோல ஒரு சின்ன "டக்". பிறகு நெடுநேரம் ஒன்றுமே இல்லை. நாம் அதை மறந்து புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது இன்னொரு "டக்", இந்த முறை தலைமாட்டில். பத்து வயதில், ஆக்லாந்தின் டிசம்பர் வெயிலில், கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு பழைய மரப்படகின் முன்னறைக்குள் மல்லாந்து படுத்தபடி அந்தச் சத்தத்தை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். என்ன செய்தால் அது நிற்கும் என்பதும் தெரியும். அப்பாவிடம் அதைச் சொல்லச் சொல்லி ஒருவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் பெயரெடுத்த என் லட்சணம் அது.

படகின் பெயர் மேபல். நூறு வயதைத் தாண்டியவள். ஒரு காலத்தில் வடக்கே ஆற்றோரப் பண்ணைகளிலிருந்து பால்கேன்களை ஏற்றிக்கொண்டு வெண்ணெய் ஆலைக்குப் போய்வருவதற்கென்று கட்டியது என்பதால், ஒடுங்கிய ஆற்றில் ஓடத் தோதாக, முப்பத்தைந்து அடி நீளத்துக்கு ஏழடி அகலம் மட்டுமே. பக்கத்தில் நின்ற வெள்ளைவெளேரென்ற ஃபைபர் படகுகளுக்கு நடுவே, கல்யாண வீட்டில் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த ஒல்லிக் கிழவிபோல இருப்பாள். அப்பா அவளை வாங்கியது ஒரு டெய்ரிக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து. பால் வாங்கப் போனவர், பாலை மறந்துவிட்டுப் படகு வாங்கிவந்தார் என்று அம்மா பல வருடம் சொல்லிச் சொல்லிக் குத்திக்காட்டினாள்.

அப்பா மலேசியாக்காரர். கடலே தெரியாத ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அம்மா யாழ்ப்பாணம். இருவரும் ஆக்லாந்தில் சந்தித்துக் கல்யாணம் செய்தவர்கள். அப்பா "ஆமா லா" என்பார், அம்மா "ஓம்" என்பாள், நான் இரண்டுக்கும் "யெப்" என்பேன். மேபல் கௌரி மரத்தில் செய்தவள் என்று அப்பா கண்டுபிடித்து வந்து, "பாரு பவானி, மரத்தோட பேரே அம்மன் பேரு" என்று சொல்லித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினார். அம்மா சமாதானமாகவில்லை. அன்றிலிருந்து மேபலுக்கு எங்கள் வீட்டில் "சக்களத்தி" என்று பெயர். "சக்களத்திக்குச் சாயம் பூசப் போறாராம்", "சக்களத்திக்குப் புதுப் பம்ப் வேணுமாம், எனக்கு ஒரு மிக்ஸி வாங்க வக்கில்லை" என்று சனிக்கிழமை காலைகளில் அவள் சட்டியோடும் பானையோடும் கதைத்துக்கொண்டிருப்பாள்.

மரப்படகு வைத்திருப்பது என்பது வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்வதுபோலத்தான். வருடத்துக்கு ஒரு தடவை கரையேற்ற வேண்டும். அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டும், மறுபடி ஒட்டாமலிருக்க நச்சுச் சாயம் பூச வேண்டும், பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சுத்திரி தளர்ந்திருந்தால் உளியால் அடித்து இறுக்கி மேலே புட்டி பூச வேண்டும். அப்பா இதையெல்லாம் ஜூன் மாதத்தில் செய்வார், குளிர்காலத்தில் யாரும் வராததால் கரையில் நிற்க வாடகை குறைவு. ஒரு வாரம் மழையில் நனைந்து நனைந்து வேலை செய்துவிட்டு மறுபடி தண்ணீரில் இறக்கிவிடுவார். மூன்று வருடம் இப்படி நடந்தது. அதனால் அவருக்கு ஒன்று தெரியாமலே போயிற்று. மரப்படகுக்குத் தண்ணீரைவிட வெயில்தான் எதிரி. தண்ணீரில் ஊறியிருக்கும்வரை பலகைகள் உப்பி ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். வெயிலில் காய்ந்தால் சுருங்கி இடைவெளி விடும். மழையில் மட்டுமே படகைக் கரையேற்றிய மனிதருக்கு இதை யார் சொல்வது?

நான் ஏன் அந்தப் படகை அப்படிப் பிடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது வெறும் கொழுப்பு என்று நினைப்பீர்கள். எனக்குப் பத்து வயதாவதற்குள் நாங்கள் ஆறு வாடகை வீடு மாறியிருந்தோம். ஒவ்வொரு தடவையும் என் புத்தகங்கள், பொம்மைகள், தலையணை எல்லாம் வாழைப்பழப் பெட்டிகளுக்குள் போகும். புது வீட்டில் பாதி வெளியே வரும். மேபலின் முன்னறையில், மூக்குப் பக்கம் ஒடுங்கிப்போகும் இடத்தில் எனக்கென்று ஒரு பலகைப் படுக்கை இருந்தது. அதை மட்டும் யாரும் பெட்டியில் கட்டவில்லை. நான் வைத்த பென்சில் வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பாவும் அங்கே வேறு ஆளாக இருப்பார். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி டிவியைப் பார்க்கும் மனிதர், படகில் ஏறினால் பழைய பாட்டுகளை விசிலடித்துக்கொண்டு எஞ்சினுக்குக் கதை சொல்வார்.

அம்மா கேட்டதும் அதேதான், வேறு வடிவில். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய வீடு சண்டையில் போனது. அதன்பிறகு அவள் இருந்ததெல்லாம் அடுத்தவன் வீடு. "சாமிப் படம் கொழுவ ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் லேண்ட்லோர்டுக்கு ஈமெயில் போடோணும். இது ஒரு சீவியமோ?" என்பாள். அந்த வருடம் நவம்பரில் ஹில்ஸ்பரோவில் ஒரு சின்னப் பலகை வீடு எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் வந்தது. பின்னால் ஒரு எலுமிச்சை மரம், சமையலறை ஜன்னலில் காலை வெயில். வங்கி மோட்கேஜ் தரத் தயார், முன்பணத்தில்தான் ஒரு துண்டு விழுந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை. அப்பாதான் ஓர் இரவு சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கைகழுவிவிட்டுச் சொன்னார்: "மேபலைக் குடுத்துறலாம்." அம்மா அழுதாள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

வாங்க ஆளும் கிடைத்தார்கள். வடக்கே ஒரு குடாவில் வீடு வைத்திருந்த ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும். பழைய படகுகள்மேல் பித்துக்கொண்டவர்கள். மேபலின் சமையல் மூலையைப் பார்த்த மாத்திரத்தில் அந்த அம்மா சொக்கிப்போய்க் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். கரையேற்றி நிபுணர் ஒருவர் சோதித்து நல்ல அறிக்கை தரவேண்டும், பிறகு தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும், இரண்டும் சரியென்றால் அன்றே பணம் என்பது ஒப்பந்தம். ஹில்ஸ்பரோ வீட்டுக்காரரும் ஜனவரி இருபதாம் தேதிவரை பொறுப்பதாகச் சொன்னார். மனுக்காவ் கடலோரத்தில் தண்டவாளம் பதித்த ஒரு பழைய படகு முற்றம் இருந்தது. தண்டவாளத்தின்மேல் ஓடும் தொட்டில் வண்டியில் படகை ஏற்றிக் கம்பிவடத்தால் இழுப்பார்கள். டிசம்பர் இரண்டாவது வாரம் மேபல் கரையேறினாள். நிபுணர் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, இவள் இன்னும் ஐம்பது வருடம் இருப்பாள் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா சாயமும் பூசி முடித்தார். பதினேழாம் தேதி இறக்கியிருக்கலாம்.

ஆனால் பதினாறாம் தேதி மார்கழி பிறந்துவிட்டது.

"மார்கழியில ஒண்டையும் கைமாத்தக் கூடாது. வீட்டுக் காரியம் இது, விளையாட்டில்லை" என்றாள் அம்மா. "தை முதலாம் திகதி இறக்குங்கோ. பொங்கலும் பொங்கி, நல்ல நேரத்தில குடுப்பம்."

வாங்குகிறவர்களும் கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகளிடம் போகிறார்கள், ஜனவரி நடுவில்தான் திரும்புவார்கள் என்பதால் அப்பாவுக்கும் மறுக்கக் காரணம் இல்லை. நல்ல நேரம், கெட்ட நேரம் என்றால் எங்கள் வீட்டில் அம்மா வைத்ததே சட்டம். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு ஒரே ஒரு தடவை கேட்டார்: "ஒரு மாசம் மேலேயே நிக்குதே, மரம் காஞ்சிராதா?"

அதற்கு அம்மா சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "என்ன கதை கதைக்கிறியள்? மார்கழியில மரம் காயுமோ? பனி பெய்யிற மாசம்."

நினைத்துப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே தார் உருகிக்கொண்டிருக்கிறது. பொஹுட்டுக்காவா மரங்களெல்லாம் சிவப்பாகப் பூத்துக் கிடக்கின்றன. நான் ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டு விசிறியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் மார்கழி என்ற சொல் வாயில் வந்தவுடன் அம்மாவின் உடம்புக்குள் யாழ்ப்பாணத்துப் பனி பெய்யத் தொடங்கிவிட்டது. அப்பா சிரித்தார். "இங்க மார்கழி வெயில் காலம் லா" என்றார். சிரித்ததோடு விட்டுவிட்டார், அதுதான் அவர் பிழை.

முற்றத்தை நடத்தியவர் பெயர் ட்ரெவர். அறுபது வயதிருக்கும், முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஏதோ ஒரு நிறச் சாயம். அவரும் விடுமுறைக்காக முற்றத்தை மூடிவிட்டுத் தெற்கே கிளம்ப இருந்தார். கிளம்பிய நாள் அப்பா அலுவலகத்தில். பள்ளிக்கூடம் விட்டுவிட்டதால் நான் சைக்கிளில் போய் மேபலுக்குள் கிடந்தேன். ட்ரெவர் ஏணியில் பாதி ஏறிவந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, நிதானமாகச் சொன்னார். இவளை இப்படியே வெயிலில் விடக்கூடாது. தினமும் சாயங்காலம் கடல்தண்ணீரை மொண்டு வெளிப்பக்கம் முழுக்க ஊற்றவேண்டும். நல்ல தண்ணீர் வேண்டாம், மரம் உளுத்துவிடும். வடக்குப் பக்கம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிடவேண்டும், இந்த நாட்டில் வெயில் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். உள்ளே அடித்தட்டிலும் நாலு வாளி ஊற்றிவை. சாக்குகள் கொட்டகையில் இருக்கின்றன. அப்பாவிடம் சொல்லிவிடுவாயா?

"யெப்" என்றேன்.

சத்தியமாக, சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். அன்று மாலை அம்மா சமையலறை மேசையில் ஒரு தாளை விரித்து, ஹில்ஸ்பரோ வீட்டின் அறைகளைப் பென்சிலால் வரைந்து, எது எங்கே என்று எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கென்று ஓர் அறை போட்டிருந்தாள். அதில் நான் கேட்காத கட்டிலையும் போட்டிருந்தாள். "படகில கிடந்து முதுகு கூனின பிள்ளைக்கு இனி நல்ல கட்டில்" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. சரி, போகட்டும், கொஞ்சம் கெட்டுப்போகட்டும், அப்போது யாரும் வாங்கமாட்டார்கள், மேபல் எங்களோடேயே இருப்பாள் என்று நினைத்தேன். பத்து வயது மூளைக்கு அதற்குமேல் கணக்குத் தெரியவில்லை. படகு கெட்டால் வீடும் போகும் என்பது தெரியாது என்று சொல்லமாட்டேன், தெரியும். அந்த வீடு எனக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் "டக்" சத்தம் மட்டும். இரண்டாவது வாரம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், என் படுக்கைக்குப் பக்கத்துப் பலகையில் தலைமயிர்போல ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. விரலால் மறைத்தேன், எடுத்தேன், இருந்தது. மேபலின் மற்ற இடங்களிலெல்லாம் உள்ளே அலமாரியும் மெத்தையும் மறைத்திருந்தன. வெளியே புதுச்சாயத்தின் மினுக்கில் எதுவும் தெரியவில்லை. முன்னறை மட்டும்தான் நிர்வாணமாகப் பலகையைக் காட்டும் இடம். அப்பா வார இறுதிகளில் வந்து கதவுகளுக்கு வார்னிஷ் அடித்தார், எஞ்சினைத் துடைத்தார், முன்னறைக்குள் வரவே இல்லை. அது என் அறை என்று அவருக்கு ஒரு மரியாதை.

புத்தாண்டு கழிந்ததும் கோடுகள் ஏழாயின. மத்தியானத்தில் அந்த அறைக்குள் வெயில் கோடு கோடாக விழுந்து என் கால்மேல் கிடக்கும். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. கொஞ்சம் கெடும் என்று நினைத்தேனே தவிர, இப்படிக் கண்முன்னால் திறந்துகொண்டே போகும் என்று நினைக்கவில்லை. ஒருநாள் சாயவாளியை எடுத்துக்கொண்டு கடல் விளிம்புக்குப் போய்த் தண்ணீர் மொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக ஏற்றி, அடித்தட்டில் ஊற்றினேன். ஐந்து வாளி. இறங்கி வந்து பார்த்தால், ஊற்றிய தண்ணீர் அவ்வளவும் படகின் அடியிலிருந்து, மூக்கிலிருந்து வால்வரை, ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே நிற்கவில்லை. கீழே மண்ணில் முப்பத்தைந்து அடி நீளத்துக்கு ஓர் ஈரக்கோடு. நான் காலால் மண்ணை இழுத்து இழுத்து அதை மூடினேன்.

அன்றைக்கென்று அப்பா வேலையிலிருந்து நேரே வந்துவிட்டார். "கீழ என்னம்மா ஈரம்?" என்றார்.

"பெயின்ட் வாளி கழுவினேன்" என்றேன், ஆங்கிலத்தில்.

"கெட்டிக்காரி" என்று தலையில் கைவைத்தார். அந்தக் கையின் கனம் இப்போதும் என் உச்சியில் இருக்கிறது. அன்று சொல்லியிருந்தால் பத்து நாள் இருந்தது. சாக்குப் போட்டு நனைத்திருந்தால் பாதியாவது மூடியிருக்கும். அன்றிலிருந்து படகுமேல் இருந்த ஆசை போய்விட்டது, அகப்பட்டுவிடுவேனோ என்ற பயம் மட்டும் மிச்சம். சோறு இறங்கவில்லை. அம்மா திருஷ்டி என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அதுவும் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையும் பஞ்சாங்கத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. யாழ்ப்பாணத்துக்குக் கணித்த நேரத்தை ஆக்லாந்து நேரத்துக்கு மாற்றி, நீர் உயர்ந்து நிற்கும் நேரத்தோடு பொருத்தி, தை முதலாம் நாள் காலையில் இருபத்தைந்து நிமிடத்தை அம்மா கண்டுபிடித்திருந்தாள். அதை அவள் கண்டுபிடித்த பெருமையைப் பார்க்கவேண்டுமே. "கடலும் கிரகமும் ஒண்டா வருது, பாருங்கோ" என்று அப்பாவிடம் மூன்று தடவை காட்டினாள்.

அன்று காலை மூவரும் முற்றத்துக்குப் போனோம். அம்மா பட்டுச்சேலை; கையில் விடிய எழும்பிப் பொங்கிய பொங்கல் பானை; தொட்டில் வண்டியின் சக்கரங்களுக்கு வைக்க எலுமிச்சம்பழம். வாங்குகிறவர்கள் தொப்பியும் கேமராவுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ட்ரெவர் முதல்நாள்தான் திரும்பியிருந்தார். படகைச் சுற்றி நடந்தவர், வடக்குப் பக்கம் வந்ததும் நின்று, பலகைச் சேர்க்கையில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். புதுச்சாயம் உடைந்து நகம் உள்ளே போனது. அவர் முகம் மாறியது.

நனைத்துக்கொண்டு இருந்தீர்களா என்று அப்பாவிடம் கேட்டார்.

எதற்கு என்றார் அப்பா.

ட்ரெவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார், இதோ. அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "நான் சொல்ல மறந்துபோயிருக்கிறேன், என் தப்புத்தான்" என்றார். அப்படியே, ஒரு சொல் கூடக் குறைவில்லாமல், என் பாவத்தைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

பிறகு அப்பாவிடம் வழியும் சொன்னார். படகைத் தொட்டிலோடு கட்டியபடியே தண்ணீருக்குள் இறக்கி, இரண்டு நாள் அப்படியே ஊறவிடுவோம். பலகை உப்பி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அவிழ்க்கலாம். அப்பா அதை அம்மாவிடம் தமிழில் சொன்னார்.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "கட்டி வைச்சால் மிதந்ததாகுமோ? இந்த நேரத்துக்குள்ள மிதக்கோணும். பத்து நிமிசம் மிதக்கட்டும், பிறகு கட்டுங்கோ. ஒரு மாசம் காத்திருந்தது இதுக்குத்தானே."

ட்ரெவர் வேண்டாம் என்றார். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றார். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார், வாங்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார், "பத்து நிமிஷந்தான். பம்ப் வேலை செய்யுது" என்றார். படகு உன்னுடையது, சரி என்றார் ட்ரெவர். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வாயைத் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வந்தது "நானும் ஏறுறேன்" என்பதுதான்.

சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு இறங்கியது. தண்ணீர் தொட்டதும் கட்டுகளை அவிழ்த்தார்கள். மேபல் ஒரு தடவை குலுங்கி மிதந்தாள், கரையில் கைதட்டினார்கள், அம்மா கற்பூரம் கொளுத்தினாள். நான் முன்னறைக்குள் இறங்கினேன். நேற்றுவரை வெளிச்சம் வந்த கோடுகளில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், எல்லாப் பக்கமும், தகடு தகடாக. என் பலகைப் படுக்கையின்மேல் ஏறி நின்றேன். தண்ணீர் அங்கும் ஏறிக் கணுக்காலைத் தொட்டது.

"அப்பா" என்று கத்தினேன்.

அவர் பம்பைப் போட்டார். அது உறுமி உறுமி இறைத்தது; தண்ணீர் அதைவிட வேகமாக ஏறியது; பிறகு பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போய், உறுமல் நின்றது. அப்பா என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி, துறைப்பலகையில் நின்ற ட்ரெவரின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனார். இறைக்கக் கைக்கு அகப்பட்டது, படகுக்குப் படைப்பதற்காக அம்மா முன்தளத்தில் ஏற்றிவைத்திருந்த பொங்கல் பானை. அதைக் கவிழ்த்துவிட்டு அதனாலேயே இறைத்தார். "விடுங்கோ, வெளியில வாங்கோ, எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று அம்மா கரையில் நின்று கதறினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் வந்தபிறகுதான் அப்பா வெளியே வந்தார். தொட்டிலை அடியில் கொடுக்க ட்ரெவர் எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. மேபல் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தாள். கூரை மட்டும் வெளியே தெரிந்தது. அதைச் சுற்றிச் சர்க்கரைப் பொங்கல் மிதந்தது.

வாங்க வந்த அம்மா என் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, கணவரோடு காரில் ஏறிப் போனார். அவர்கள் திரும்பி வரவில்லை, வரமாட்டார்கள் என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்தது. காப்புறுதிக்காரர்கள், காய்ந்த படகை மிதக்கவிட்டது உங்கள் பிழை என்று எழுதினார்கள். ஜனவரி இருபது வந்து போனது. ஹில்ஸ்பரோ வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். மேபலை ஒருவர் எஞ்சினுக்காகவும் பித்தளைச் சாமான்களுக்காகவும் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அறுத்துப்போட்டார் என்று கேள்வி.

அன்று அந்தச் சரிவில், சேலையெல்லாம் சேறாக, அம்மா குந்தியிருந்து சொன்னாள்: "நான்தான். நான்தான் மார்கழி மார்கழியெண்டு நிப்பாட்டி வைச்சனான். பிறகும் நான்தான் மிதக்கோணும் எண்டனான்." நனைந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "உன் தப்பு இல்ல லா பவானி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ட்ரெவரின் துண்டைப் போர்த்திக்கொண்டு நான் இரண்டடி தள்ளி நின்றேன். சொல்ல அதைவிட நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. ட்ரெவர் போகும்போது என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, சொல்லியிருக்கலாம் கண்ணு என்றார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மார்கழி பிறந்தபோது அம்மா விடியற்காலையில் எழும்பவில்லை. அதுவரை ஒவ்வொரு மார்கழியும், எந்த வாடகை வீட்டிலும், நாலரை மணிக்கு எழும்பிக் குளித்து, விளக்கேற்றி, பத்து நாள் மார்கழிப் பாட்டுப் பாடுவாள். அந்தச் சத்தம் கேட்டு நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வேன். அதோடு நின்றது. பஞ்சாங்கம் வாங்குவதும் நின்றது. யாராவது கல்யாணத்துக்கு நாள் கேட்டால், "என்னட்டைக் கேளாதேங்கோ, நான் நேரம் பார்த்து ஒரு வீட்டைக் கடலுக்குள்ள தாட்டனான்" என்பாள், சிரித்துக்கொண்டே. எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன்.

இதெல்லாம் நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்தப் படகு முற்றம் இருந்த இடத்தில் இன்று மூன்று மாடிக் குடியிருப்பு, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ட்ரெவர் எங்கே என்று தெரியவில்லை. அப்பா இறந்து நாலு வருடம். கடைசிவரை வேறு படகு வாங்கவில்லை, கடைசிவரை சொந்த வீட்டில் படுக்கவும் இல்லை. போன டிசம்பரில் மவுண்ட் ராஸ்கில்லில் ஒரு சின்ன வீடு நான் வாங்கினேன். சாவி கொடுத்த நாள் மார்கழி மூன்று. தை வரட்டுமா அம்மா என்று கேட்டேன். "வேண்டாம். இண்டைக்கே போவம்" என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

வெறும் வீட்டில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில், அவளிடம் சொன்னேன். ட்ரெவர் ஏணியில் ஏறி வந்தது, சாக்கு, உப்புத்தண்ணீர், வெளிச்சக் கோடுகள், மண்ணை இழுத்து மூடியது, அப்பா தலையில் கைவைத்தது, எல்லாவற்றையும். அம்மா ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து கேட்டாள். முடிந்தபிறகு தன் கையைப் பார்த்தபடி, "கொப்பருக்குத் தெரியாதோ?" என்றாள்.

"அப்பாவுக்குத் தெரியாது."

"உன்னை அடிக்கிறதெண்டாலும் எனக்கு இப்ப கையில சத்தில்லை" என்றாள். பிறகு, "அப்ப மாசத்தில பிழையில்லை. பத்தொன்பது வருசம் நான் அந்த மாசத்தோட கோவிச்சுக்கொண்டு இருந்தனான், பிள்ளை" என்றாள்.

மறுநாள் விடியுமுன் குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா குளித்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமானுக்கு நடுவே ஒரு சின்ன விளக்கை ஏற்றி, நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடி முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடியையும் பாடினாள். மூன்றாவதில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள், அதே இடத்தில் நின்றாள். கண்ணைத் திறந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள், அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பேன் என்பதுபோல. எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வயதில்தான் அவள் பாடுவதை நிறுத்தியிருந்தாள்.